ஒரே எழுத்து: ஒருமுறை குச்சி, ஒருமுறை வளையம்

எம்.எஸ்.சி. பயோடெக்னாலஜி படிக்கும் ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. பி.சி.ஆரில் பெருக்கி எடுத்த டி.என்.ஏ துண்டு ஒன்று அவரிடம் இருக்கிறது. நீளம் 310 எழுத்து ஜோடி. டி.என்.ஏ துண்டுகளை நீளப்படி பிரிக்கும் கூழ்தான் ஜெல்; நீளமான துண்டு மெதுவாக ஓடி மேலே நிற்கும். அகாரோஸ் ஜெல்லில் ஓட்டினால் 310-க்குரிய இடத்திலேயே நிற்கிறது. அதையே பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் ஓட்டினால் 400-க்கும் மேலே நிற்கிறது. "வரிசையில் ரிப்பீட் இருக்கிறது, அதனால் வடிவம் மாறியிருக்கும்" என்று சீனியர் சொல்லிவிட்டாராம். "எந்த எழுத்து எப்படி வந்தாலும் அதே இரட்டைச் சுருள்தானே? திரும்பத் திரும்ப வருவதால் மட்டும் வடிவம் எப்படி மாறும்?" என்கிறார்.

சீனியர் சொன்னது சரிதான், ஆனால் பாதி. எழுத்துகள் திரும்ப வருவது மட்டும் போதாது. எந்த எழுத்து, எத்தனை ஜோடிக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே எழுத்து ஒருவிதமாக வந்தால் டி.என்.ஏ குச்சி போல விறைத்து நிற்கும். அதே எழுத்து இடைவெளி விட்டு வந்தால் வளையமாக வளையும்.

உங்கள் ஜெல்லை நான் பார்க்கவில்லை. ஆனால் அதே மாதிரி ஒன்றை என் கையால் ஓட்டியிருக்கிறேன். குளிர் அறையில் 4 டிகிரியில் இரவு முழுக்க ஓடிய ஜெல் அது. காலையில் சாயத்தில் ஊறவைத்துப் புற ஊதா விளக்கின் மேல் வைத்தால், லேடர் (நீளம் தெரிந்த அளவுகோல் துண்டுகள்) கோடுகளெல்லாம் படி போட்டது போல ஒழுங்காக இருக்கின்றன. என் துண்டு மட்டும் இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் மேலே நிற்கிறது. கலப்படமாக இருந்தால் இரண்டு கோடு தெரியும், இல்லையென்றால் இழுபட்டுத் தெரியும். இதுவோ ஒரே கோடு, பிளேடால் கீறியது போல அவ்வளவு கூர்மை. அதே குழாயில் மிச்சமிருந்ததை அடுத்த நாள் 60 டிகிரியில் ஓட்டினேன். கோடு இறங்கி வந்து தன் இடத்தில் நின்றது. நீளம் மாறவில்லை, சூட்டில் வடிவம்தான் மாறியது. உங்கள் துண்டிலும் நடப்பது அதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

பாடநூலில் வரைந்திருக்கும் இரட்டைச் சுருள் ஒரு சராசரிப் படம். ஜோடிக்கு ஜோடி 0.34 நானோமீட்டர் உயரம், ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 10.5 ஜோடி, தடிமன் 2 நானோமீட்டர். இந்த எண்கள் எல்லாம் எழுத்துகள் கலந்து கிடக்கும் நீண்ட டி.என்.ஏ-வுக்குப் பொருந்தும். அப்படிப்பட்ட டி.என்.ஏ சுமார் 50 நானோமீட்டர் தூரத்துக்கு, அதாவது ஏறக்குறைய 150 ஜோடிக்கு, விறைப்பாகவே இருக்கும். அதைத் தாண்டினால்தான் தானாக வளைந்து நெளியும்.

உள்ளே எட்டிப் பார்த்தால் ஒவ்வொரு படியும் ஒரே மாதிரி இல்லை. அடினின் (ஏ), குவானின் (ஜி) இரண்டும் பெரிய தட்டுகள். தைமின் (டி), சைட்டோசின் (சி) இரண்டும் சிறியவை. ஏ-க்கு எதிரில் டி, ஜி-க்கு எதிரில் சி என்று ஜோடி சேரும். ஒரு ஜோடியின் மேல் அடுத்த ஜோடி உட்காரும்போது, அடியில் இருப்பது யார், மேலே வருவது யார் என்பதைப் பொறுத்து அது கொஞ்சம் சாயும், கொஞ்சம் நகரும், கொஞ்சம் கூடவோ குறையவோ திரும்பும். ஏ-யை அடுத்து ஏ வந்தால் தட்டுகள் நன்றாகப் பொருந்தி இறுக்கமாக உட்காரும். டி-யை அடுத்து ஏ வந்தால் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் படியாது. தளர்ந்த கீல் மாதிரி அந்த இடம் எளிதில் மடங்கும். பல மரபணுக்களின் தொடக்கத்தில் 'டாட்டா' என்ற எழுத்து வரிசை இருப்பதைப் படித்திருப்பீர்கள். அங்கே வந்து உட்காரும் புரதம் டி.என்.ஏ-வை சுமார் 80 டிகிரி மடக்கிவிடுகிறது. மடங்குவதற்கு அந்த டி-ஏ படிகள் வசதியாக இருக்கின்றன.

சரி, ஒரு படியின் சாய்வு சில டிகிரிதான். அது எப்படி 310 ஜோடி நீளத் துண்டின் ஓட்டத்தையே மாற்றும்?

கலங்கரை விளக்கத்தின் சுழல் படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தரைப் படி ஏறினால் ஒரு சுற்று முடிந்து மறுபடி கடலைப் பார்த்த சன்னலுக்கு வருகிறோம். கட்டும்போது கொத்தனார் அந்தச் சன்னல் வரும்போதெல்லாம் ஒரு படியைக் கடல் பக்கம் சற்றுச் சாய்த்து வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சாய்வும் சின்னது. ஆனால் எல்லாமே ஒரே திசையில் விழுவதால் கோபுரம் முழுவதும் கடலை நோக்கி வில்லாக வளைந்துவிடும். அதே சாய்வைப் பதினைந்து படிக்கு ஒருமுறை வைத்தால்? ஒன்று கடல் பக்கம் விழும், அடுத்தது கரைப் பக்கம் விழும். ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு கோபுரம் மொத்தத்தில் நேராகவே நிற்கும்.

டி.என்.ஏ-வில் இதைச் சோதனையில் முதலில் காட்டிக்கொடுத்தது ஓர் ஒட்டுண்ணி. பல்லியின் உடம்பில் வாழும் லீஷ்மேனியா டாரன்டோலே அதன் பெயர். பீகாரில் நெடுங்காலம் தொல்லை தந்த காலா அசார் நோயின் கிருமி இதன் நெருங்கிய சொந்தம். இந்த உயிரிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன டி.என்.ஏ வளையங்கள் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும். அதிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டு, உங்கள் துண்டைப் போலவே, பாலிஅக்ரிலமைடில் மட்டும் தாமதமாக ஓடியது. 1982-இல் யேல் பல்கலைக்கழகத்தின் டொனால்டு குரோதர்ஸும் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் பால் இங்லண்டும் தங்கள் குழுவினரோடு சேர்ந்து, இந்த டி.என்.ஏ இயல்பாகவே வளைந்திருக்கிறது என்று எழுதினார்கள். வரிசையைப் பார்த்தால் ஐந்தாறு ஏ-க்கள் கொத்தாக வருகின்றன. கொத்துக்குக் கொத்து சுமார் பத்து ஜோடி இடைவெளி. சன்னல் வரும்போதெல்லாம் ஒரு சாய்ந்த படி!

இதற்கு முன்பே, 1980-இல், எட்வர்டு டிரைஃபோனோவும் ஜோயல் சஸ்மனும் வேறு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்திருந்தார்கள். அப்போது கிடைத்த டி.என்.ஏ வரிசைகளைக் கணக்குப் போட்டுப் பார்த்து, ஏ-ஏ, டி-டி போன்ற இரட்டைகள் சுமார் பத்தரை ஜோடிக்கு ஒருமுறை தலைகாட்டுகின்றன என்று காட்டினார்கள். கம்ப்யூட்டர் இன்று இருப்பது போல் இல்லாத காலத்தில் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு இப்போதும் வியப்புதான்.

அதற்குப் பிறகு செயற்கையாகவே டி.என்.ஏ-க்களைக் கட்டிப் பார்த்தார்கள். ஏ கொத்துகளைப் பத்து அல்லது பதினொரு ஜோடி இடைவெளியில் வைத்தால் ஜெல்லில் பெரிய தாமதம். பதினைந்தில் வைத்தால் தாமதம் ஏறக்குறைய காணாமல் போகிறது. ஐந்தாறு ஏ கொண்ட ஒரு கொத்து சுமார் 18 டிகிரி வளைக்கும் என்று கணக்கிட்டார்கள். இருபது கொத்தை வரிசையாக வைத்தால் 360 டிகிரி, அதாவது 210 ஜோடியில் ஒரு முழு வளையம். யாரும் பிடித்து மடக்கத் தேவையில்லை.

எனக்கு மிகப் பிடித்த சோதனை பால் ஹேகர்மன் 1986-இல் செய்தது. பத்து எழுத்துச் சொல் இரண்டு. ஒன்று: ஜி, நாலு ஏ, நாலு டி, சி. இன்னொன்று: ஜி, நாலு டி, நாலு ஏ, சி. எழுத்துகளும் எண்ணிக்கையும் இடைவெளியும் அதேதான். ஏ-யும் டி-யும் இடம் மாறி இருக்கின்றன, அவ்வளவுதான். முதல் சொல்லைத் திரும்பத் திரும்பக் கோத்தால் நன்றாக வளைந்த டி.என்.ஏ கிடைக்கிறது. இரண்டாவதைக் கோத்தால் சாதாரண நேரான டி.என்.ஏ போல ஓடுகிறது. முதலாவதின் நடுவில் ஏ-டி படி இருக்கிறது. அது இறுக்கத்தைக் கெடுக்காது, எட்டு எழுத்தும் ஒரே கொத்தாக வேலை செய்யும். இரண்டாவதின் நடுவில் டி-ஏ, அந்தத் தளர்ந்த கீல். இரண்டு பக்கமும் சேர்த்துவைத்த வளைவு அங்கே கலைந்துவிடுகிறது. 'எத்தனை சதவீதம் ஏ-டி இருக்கிறது?' என்று மட்டும் எண்ணிவிட்டு வடிவத்தைப் பற்றிப் பேசுபவர்களுக்கு நான் எப்போதும் இந்த இரண்டு சொற்களைத்தான் எழுதிக் காட்டுவேன்.

ஏ கொத்துக்குள் என்ன நடக்கிறது? ஏ-டி ஜோடியின் இரண்டு தட்டுகளும் ஒரே சமதளத்தில் இல்லாமல், விசிறி இறக்கை போல ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும். அப்படி நின்றால் அடுத்த தட்டோடு நன்றாகப் படியலாம். அதோடு, ஒரு ஏ தன் எதிரில் இருக்கும் டி-யோடு மட்டுமல்லாமல், குறுக்கே அடுத்த படியில் இருக்கும் டி-யையும் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பால் தொட்டுக்கொள்ளும். 1987-இல் ஆரன் க்ளூக்கின் குழு படிகத்தில் இதைப் பார்த்தது. சுருளின் சிறிய பள்ளம் அந்த இடத்தில் ஒடுங்கி, உள்ளே தண்ணீர் மூலக்கூறுகள் முதுகெலும்பு போல வரிசையாக உட்கார்ந்துகொள்கின்றன. சூடாக்கினால் என் கோடு தன் இடத்துக்கு இறங்கி வந்ததற்குக் காரணம், இந்த ஒழுங்கு வெப்பத்தில் குலைந்துபோவதுதான்.

இப்போது ஒரு முரண் தெரிகிறது, கவனித்தீர்களா? இந்த இறுக்கத்தால் ஏ கொத்து தனக்குள் நேராகவும் விறைப்பாகவும் இருக்கிறது. கொத்து முடிந்து சாதாரண வரிசை தொடங்கும்போது இரண்டின் அச்சும் ஒரே கோட்டில் சேர்வதில்லை, அங்கேதான் திசை மாறுகிறது. வளைவு கொத்தின் சந்திப்பில் இருக்கிறதா, ஒவ்வொரு ஏ-ஏ படியிலும் பங்கு போட்டு இருக்கிறதா, கொத்துக்கு வெளியே இருக்கிறதா என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் விவாதித்தார்கள். அந்த விவரத்துக்குள் போகவேண்டாம். நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது, இருபது ஏ இடைவெளி இல்லாமல் தொடர்ந்து வந்தால் அது ஒரு குச்சி என்பதுதான். அதே இருபதை ஐந்தைந்தாகப் பிரித்துப் பத்தரைக்கு ஒன்றாக வைத்தால் வளையத்தின் ஐந்தில் ஒரு பாகம் கிடைத்துவிடும்.

செல் இந்த இரண்டையுமே பயன்படுத்துகிறது. நம் டி.என்.ஏ ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிச் சுருண்டுதான் இருக்கிறது. அப்படிச் சுருண்ட ஓர் உருண்டைக்கு நியூக்ளியோசோம் என்று பெயர். அதில் 147 ஜோடி, சுமார் 1.65 சுற்று. 150 ஜோடிக்கு விறைப்பாக இருக்கும் ஒரு பொருளை அதே நீளத்துக்குள் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்றவேண்டும், அதுதான் சிக்கல். எந்த வரிசைக்கு இந்த வளைவு சுலபமோ அதில் ஹிஸ்டோன் விரும்பி உட்காரும். கேம்பிரிட்ஜில் சாட்ச்வெல், ட்ரூ, ட்ராவர்ஸ் மூவரும் கோழியின் ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து 177 நியூக்ளியோசோம் டி.என்.ஏ-க்களைப் பிரித்து, வரிசையைப் படித்து 1986-இல் வெளியிட்டார்கள். சிறிய பள்ளம் உள்பக்கம் திரும்பும் இடங்களில் ஏ-டி மிகுந்த எழுத்துகள், வெளிப்பக்கம் திரும்பும் இடங்களில் ஜி-சி மிகுந்த எழுத்துகள். இரண்டும் மாறி மாறிப் பத்து ஜோடிக்கு ஒரு சுழற்சி. மறுபடியும் அதே பத்து!

தொடர்ந்து வரும் ஏ-க்கள் இதற்கு நேர் எதிர். பேக்கரி ஈஸ்டின் மரபணுக்களுக்கு முன்னால் நீளமாக ஏ-க்கள் வருவது சகஜம். அந்த விறைத்த குச்சியைச் சுற்றி வளைப்பது கடினம் என்பதால் நியூக்ளியோசோம் அங்கே உட்காரத் தயங்கும். அந்த இடம் திறந்து கிடக்கும், மரபணுவை இயக்கும் புரதங்கள் வந்து பிடித்துக்கொள்ளும். 1995-இல் விஷ்வநாத் ஐயரும் கெவின் ஸ்ட்ரூலும் ஓர் அழகான சோதனை செய்தார்கள். அந்த ஏ வரிசையை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகத் தொடர்ச்சியாக ஜி-க்களை வைத்தார்கள். ஜி வரிசையும் விறைப்பானதுதான். மரபணு அப்போதும் தூண்டப்பட்டது. ஏ என்ற எழுத்தை யாரோ படித்து அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்றால் இது நடந்திருக்காது. அங்கே வேலை செய்வது எழுத்தைவிட உடம்பின் விறைப்பு. 2021-இல் ஆகாஷ் பாசு, தேக்ஜிப் ஹா குழுவினர் ஆயிரக்கணக்கான குட்டித் துண்டுகள் எவ்வளவு சுலபமாக வளையமாகின்றன என்று ஒரே சோதனையில் அளந்தபோதும், ஈஸ்ட் மரபணுக்களுக்கு முன்னால் விறைப்பான பகுதிகள் இருப்பது தெரிந்தது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் (ஐ.ஐ.எஸ்ஸி) மஞ்சு பன்சால் இந்தத் துறையில் நெடுங்காலம் உழைத்தவர். படிக்குப் படி சாய்வும் திருப்பமும் கணக்கிடும் நியூபார்ம் என்ற மென்பொருள் அவருடைய குழுவில் உருவானது. மரபணுவின் தொடக்கப் பகுதிகள் மற்ற பகுதிகளைவிடக் கூடுதலாக வளைந்தும், அதே நேரம் வளைத்தால் எளிதில் வளையாதவையாகவும் இருக்கின்றன என்று 2005-இல் அவரும் அதிதி கன்ஹேரேயும் காட்டினார்கள்.

'வளைந்தும், வளையாதவையாகவும்' என்ற இடத்தில் பலரும் குழம்புவார்கள். வளைந்திருப்பது வேறு, வளையக்கூடியதாக இருப்பது வேறு. அரிவாள் வளைந்திருக்கிறது, ஆனால் அதை வளைக்க முடியாது. சாட்டைக் கயிறு நேராகத் தொங்கும், எப்படி வேண்டுமானாலும் வளையும். ஏ கொத்து டி.என்.ஏ அரிவாள் ரகம்.

சாட்டை ரகத்துக்கு உதாரணம் சி-டி-ஜி என்ற மூன்றெழுத்துச் சொல் திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. மயோடோனிக் டிஸ்ட்ரோபி என்ற தசைநோயில் இந்தச் சொல் ஐம்பதுக்கு மேல், சிலருக்கு ஆயிரக்கணக்கிலும், பெருகிக் கிடக்கும். ஃப்ரஜைல் எக்ஸ் நோயில் சி-ஜி-ஜி, இருநூறு முறைக்கு மேல். இந்த இரண்டு வரிசைகளும் ஜெல்லில் இருக்கவேண்டியதைவிட வேகமாக ஓடின, உங்கள் துண்டுக்கு நேர் எதிராக. ஓட்டத்தை மட்டும் பார்த்தால், மிக நேராக விறைத்திருப்பதால் வலையில் மாட்டாமல் போகிறது என்றும் சொல்லலாம், நெகிழ்வாக இருப்பதால் பாம்பு போல நுழைந்து போகிறது என்றும் சொல்லலாம். இரண்டு நுனியையும் ஒட்டி வளையமாக்கும் வேகத்தை 1997-இல் அளந்தபோதுதான் தெளிவானது: விறைப்பாக நிற்கும் நீளம் சாதாரண டி.என்.ஏ-வில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். இத்தனைக்கும் ஒரு சுற்றுக்கான ஜோடி எண்ணிக்கை இயல்பாகவே இருந்தது, பிணைப்பும் எங்கும் அவிழவில்லை. அசல் இரட்டைச் சுருள்தான், கொஞ்சம் இளகிய சுருள்.

ஒரு எச்சரிக்கை. இந்த நெகிழ்வுதான் நோய்க்குக் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். மயோடோனிக் டிஸ்ட்ரோபியில் தீங்கு செய்வது முக்கியமாக அந்த நீண்ட வரிசையிலிருந்து உருவாகும் ஆர்.என்.ஏ. ஹன்டிங்டன் நோயில் சி-ஏ-ஜி பெருகுவதால் புரதமே கெடுகிறது. வரிசை தலைமுறைக்குத் தலைமுறை நீள்வதற்கு, இழைகள் பிரியும்போது ஒற்றை இழை கொண்டை ஊசி போல மடங்கிக்கொள்வது ஒரு பெரிய காரணம். நெகிழ்வு அந்தக் கதையில் ஒரு பாத்திரம், அவ்வளவுதான்.

சில ரிப்பீட்டுகள் வளைவோடும் நெகிழ்வோடும் நிற்பதில்லை, சுருளையே மாற்றிவிடும். சி-ஜி மாறி மாறி வந்தால், உப்பு அதிகமாக இருக்கும்போதோ, டி.என்.ஏ எதிர்ப்பக்கம் முறுக்கப்பட்டிருக்கும்போதோ, அது இடப்பக்கம் சுழலும் இசட் வடிவத்துக்குப் போகும். அலெக்சாண்டர் ரிச்சின் குழு 1979-இல் ஆறு ஜோடி நீளப் படிகத்தில் அதைப் பார்த்தது. சென்னையில் ஜி.என். ராமச்சந்திரனோடு சேர்ந்து புரதங்களுக்கான அந்தப் புகழ்பெற்ற வரைபடத்தை உருவாக்கிய வி. சசிசேகரன், அதற்கு முன்பே பெங்களூரில் இருந்தபடி டி.என்.ஏ-வில் இடஞ்சுழிப் பகுதிகள் இருக்க முடியும் என்று வாதிட்டவர். அவர் முன்வைத்த மாதிரி நிற்கவில்லை. ஆனாலும் வலஞ்சுழி மட்டுமே சாத்தியம் என்ற நம்பிக்கையை அந்தக் காலத்திலேயே கேள்வி கேட்டார் என்பதை மறக்கக்கூடாது. ஜி-ஏ-ஏ நீளமாக வந்தால் மூன்று இழைச் சுருள், குரோமோசோம் நுனியின் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி ஒற்றை இழையாக நின்றால் நாலு மடிப்பு. அவை தனியாகக் கேட்டால் தனியாக எழுதுகிறேன்.

இப்போது உங்கள் துண்டு. பாலிஅக்ரிலமைடின் வலைக்கண்கள் சிறியவை, வளைந்த டி.என்.ஏ அதில் மாட்டி மாட்டிப் போகும். அகாரோஸின் கண்கள் பெரியவை என்பதால் வளைவு அங்கே தெரியாது. இரண்டு ஜெல்லிலும் இரண்டு பதில் வந்தது தவறே இல்லை, அதுவே நல்ல சாட்சி.

முதலில் வரிசையை அச்செடுத்து, நாலு முதல் ஆறு ஏ அல்லது டி சேர்ந்து வரும் இடங்களைப் பேனாவால் வட்டம் போடுங்கள். ஒரு கொத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை எண்ணுங்கள். 10, 11, 21, 31 என்று வந்தால் நீங்கள் தேடியது கிடைத்துவிட்டது. 15, 26 என்று வந்தால் சாய்வுகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், வேறு காரணம் தேடவேண்டும். அடுத்து, அதே துண்டை 4 டிகிரியிலும் 55, 60 டிகிரியிலும் ஓட்டுங்கள். லேடரையும் ஒவ்வொரு ஜெல்லிலும் பக்கத்திலேயே ஓட்ட மறக்காதீர்கள், ஒரு ஜெல்லின் தூரத்தை இன்னொரு ஜெல்லோடு நேராக ஒப்பிட முடியாது.

வளைவு எந்த இடத்தில் இருக்கிறது என்றும் தெரியவேண்டும் என்றால், ஹென்-மிங் வூவும் குரோதர்ஸும் 1984-இல் செய்த வழி இன்றும் உதவும். உங்கள் துண்டை ஒரே திசையில், ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு பிரதி ஒட்டி பிளாஸ்மிடில் (பாக்டீரியாவில் வளரும் குட்டி டி.என்.ஏ வளையம்) ஏற்றுங்கள். ஒரு பிரதிக்குள் ஒரே ஒரு இடத்தில் வெட்டும் நொதிகள் ஐந்தாறைத் தேர்ந்தெடுத்து, தனித்தனிக் குழாயில் வெட்டுங்கள். எல்லாத் துண்டும் ஒரே நீளம், ஒரே எழுத்துகள். தொடங்கும் இடம் மட்டும் வேறு. ஒரே ஜெல்லில் பக்கம் பக்கமாக ஓட்டினால் கோடுகள் அலை போல ஏறி இறங்கும். எந்தக் கோடு மிக மேலே நிற்கிறதோ அந்தத் துண்டுக்கு வளைவு நடுவில் இருக்கிறது. மிகக் கீழே இறங்கிய துண்டுக்கு வளைவு நுனியில் இருக்கிறது.